உயிரோடு இருந்த கன்னி

சிட்னியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லச் சமையலறையில் மார்கரெட் என்றொருத்தி. ஒருநாள் டீ நேரத்தில், இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகச் சொன்னாள். துணி திருடினாளாம். அதைச் சொல்லும்போது, பிள்ளை கலெக்டர் ஆனதுபோல முகமெல்லாம் பூரிப்பு. எங்கள் பக்கமென்றால் அந்தப் பெயரை வாய்தவறிக்கூட யாரும் சொல்லமாட்டார்கள். "உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா?" என்று கேட்டாள். "ஒரு அத்தை இருக்கிறாள். அவள் சாமி" என்றேன். கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொண்டு, "எந்த சர்ச்?" என்றாள். விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

செல்லத்தாய் அத்தை அப்பாவின் அக்கா. பதினான்கு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கரிசல் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். தை மாதம் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல் வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுவோம். பிறகு அந்தப் பாவாடையை வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வயதுவரை நான்தான் கட்டினேன். அத்தை என்கூடவே நடக்கிறாள் என்று நம்பிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தேன். மடச்சி!

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா இறந்தபோது எங்கள் ஊரான பசுவந்தனைக்குப் போனேன். அவருடைய டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் ஒரு போஸ்ட் கார்டு. மதுரையிலிருந்த பெண்பிள்ளைகள் சீர்திருத்தப் பள்ளி தாத்தாவுக்கு எழுதியது. தங்கள் மகள் செல்லத்தாயின் தண்டனைக் காலம் முடிகிறது, வந்து அழைத்துப் போகவும். தபால் முத்திரையிலிருந்த வருஷம், அத்தை செத்ததாக வீட்டில் சொன்ன வருஷத்துக்கு நான்கு ஆண்டு பிந்தியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினேன். பள்ளி இப்போது விடுதியாகிவிட்டது. ஆபீஸ் அம்மா பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் வீட்டை விட்டு ரயிலேறியவளை, மதுரை ஸ்டேஷனில் போலீஸ் பிடித்திருக்கிறது. குற்றம் என்ற இடத்தில், 'தனியே திரிந்தது'. அழைத்துச் செல்ல வந்தவர் என்ற இடத்தில் வெறும் கோடு. போக இடமில்லாமல் அங்கேயே பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து, ஐம்பது வயதில் செத்திருக்கிறாள். அந்த வருஷம் நான் அதே மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் என் பஸ் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போனது. பதிவேட்டை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த தையில் லீவு போட்டு மறுபடி ஊருக்குப் போனேன். ஒரு ஆளாவது, "ஆமா, தப்புப் பண்ணிட்டோம்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. சித்தப்பா படையலுக்குப் பாவாடையை எடுத்து விரித்தார்.

"சித்தப்பா, அத்தை அம்பது வயசுல செத்தாவ. பாவாடை எப்படிப் பத்தும்? சேலை எடுங்க" என்றேன்.

"ஏட்டி, வாயக் கழுவு. சாமி குத்தம் ஆயிரும்."

"கார்டு வந்தது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பாவாடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "போலீஸ் ஸ்டேசன்ல ராத்தங்குன பிள்ளையக் கூட்டியாந்தா, மத்த பொம்பளப் பிள்ளையள எவன் கெட்டுவான்? ஒந் தாத்தா அன்னைக்கே தலமுழுகிட்டாவ. கும்பிடத்தான செய்யுதோம்? எதுல கொற வச்சோம்?"

"உசுரோட இருந்தவளுக்குப் படையல் போட்டிருக்கீய! அந்தச் சோத்தத் தின்னுட்டு நானும் ஏப்பம் விட்டிருக்கேன்!"

"வெளிநாட்டுக்குப் போன திமிரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். பசுவந்தனைக்கும் மதுரைக்கும் அப்படி என்ன தூரம்? நான் கடல் தாண்டி வந்து போகிறேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பகல் போய்வர இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் கால் இல்லை. ஆனால் தவறாமல் பொங்கல் மட்டும் வைத்தார்கள்!

அதற்கடுத்த பொங்கலன்று சிட்னியிலிருந்து போன் போட்டேன். சித்தப்பா மகன் எடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இனிமே இங்கன போன் போடாதீய. ஒங்களத் தலமுழுகியாச்சுன்னு அப்பா சொல்லுதாவ" என்றான். சாவு வீட்டுக்குப் போய்வந்ததுபோலக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம்.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன், வெங்காயம் நறுக்குகிறேன், வரி கட்டுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது பசுவந்தனைப் பக்கம் போனால், நான் எந்த வருஷம் செத்தேன் என்று எங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.