குளிரில் எழும்பாத ட்ரக்

எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு பார்க்கிங் இடம்தான். அதில் என் கணவரின் ட்ரக் நின்றது. கார்பரேட்டர் வைத்த பழைய ஜப்பான் வண்டி. "உதில கொம்பியூட்டர் இல்லை" என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லுவார். தன் பிள்ளைக்குச் சிகரெட் பழக்கம் இல்லை என்று சொல்லும் தகப்பனின் குரல் அப்போது அவருக்கு வந்துவிடும்.

நான் எங்கள் பகுதியான டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறைக்கு விடியற்காலை வேலைக்குப் போகிறவள். முழங்காலில் ஒப்பரேஷன் செய்த பிறகு, ஐஸ் மேல் பஸ் தரிப்புக்கு ஒவ்வோர் அடியையும் எண்ணித்தான் வைப்பேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. குப்பை எடுக்கும் லொறிக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். அன்று பின்னேரமே வீட்டில் சொல்லிவிட்டேன்: ட்ரக்கை விற்க வேண்டும், அந்த இடத்தில் நான் ஓட்டிப்போக ஒரு சின்னக் கார் நிற்க வேண்டும்.

"ஓம், வித்துப்போட்டால் போச்சு" என்றார். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே ஒரு மாதம் வாதாடுகிற மனிதர். இவ்வளவு லேசாக அவர் ஓம் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் நோவில் இருந்தேன்.

விளம்பரம் போட்ட கிழமையிலிருந்து ட்ரக் ஸ்ரார்ட் ஆக மறுத்தது. அதுவரை எந்தக் குளிரிலும் இரண்டு இருமல் இருமிவிட்டு எழும்பிவிடும். இப்போது இருமல் மட்டும்தான். பார்க்க வந்தவர்கள் திறப்பை முறுக்கினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி முறுக்கினார்கள், போய்விட்டார்கள். என் கணவர் ஜாக்கெற் பொக்கற்றுக்குள் கைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"வாகனத்துக்கும் மனம் இருக்கப்பா. விக்கப்போறம் எண்டு அதுக்குத் தெரியும்."

"எனக்கு முழங்கால் இருக்கு. அதுக்கும் எல்லாம் தெரியும்" என்றேன்.

கடைசியாக ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். தோட்ட வேலை செய்பவர், ஊரில் மன்னார்ப் பக்கம். "சனிக்கிழமை காலமை வாறன் அக்கா. நான் வரமுந்தி ஸ்ரார்ட் பண்ணி வைக்கக்கூடாது. பொனற் குளிராய் இருக்கவேணும். தொட்டுப் பாப்பன், சூடாய் இருந்தால் திரும்பிப் போயிடுவன்" என்றார். விற்றுத் தள்ளுவதற்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எனக்கு விளங்கியது. இதையும் விட்டால் வீதியில் குவிந்த சினோப் பனி கரையும்வரை யாரும் வரமாட்டார்கள், நான் ஐஸில் நடக்க வேண்டியதுதான்.

விஷயம் பக்கத்து வீட்டு அண்ணைக்கு எட்டியது. வியாழக்கிழமை அவர் இருமல் மருந்துப் போத்தலொன்றில் பெற்றோலுடன் வந்தார். யாழ்ப்பாணத்தில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது இருந்த ஆண்களுக்கு இந்த வைத்தியத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் கணவர் அப்படி ஒரு கலியாணக் கோஷ்டியையே ஏற்றிப்போன கதையை நான் எல்லாப் பிறந்தநாள் விழாவிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு விழாவிலும் கோஷ்டியில் ஆட்கள் கூடிக்கொண்டே வந்தார்கள்.

அப்படிப்பட்டவர் போத்தலைக் கண்டதும் பின்வாங்கினார். "வேண்டாம் அண்ணை. நெருப்புப் பிடிச்சால் இன்சூரன்ஸ்காரன் ஒண்டும் தரமாட்டான்."

அவர் வாயிலிருந்து இன்சூரன்ஸ் என்ற சொல் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அண்ணை விடவில்லை. "உமக்கு வயசு போட்டுது" என்று சொல்லிக்கொண்டே பொனற்றைத் திறந்து ஊற்றினார். நான் திறப்பை முறுக்கினேன். ட்ரக் ஒரு கணம் பெரிதாக உறுமி, அடங்கிவிட்டது. "பாத்தியளே, சரிவராது" என்றார் என் கணவர். அந்தக் குரலில் கவலை இருக்கவில்லை. பல்லுக் கொதி நின்றவனின் ஆறுதல் இருந்தது.

இரவு முழுக்க அதையே யோசித்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அவர் அண்ணையின் காரில் மீன் வாங்கப் போன நேரம், போனில் பழைய ட்ரக் திருத்தும் வீடியோ ஒன்றை ஓடவிட்டபடி, கையுறை போட்டுக்கொண்டு வெளியே போனேன். பற்றரியில் குறையில்லை, இயந்திரம் நன்றாகத்தான் சுற்றியது. பிளக்கிலும் குறையில்லை, இல்லாவிட்டால் அண்ணையின் பெற்றோல் எரிந்திருக்காது. டாங்கில் பெற்றோல் இருந்தது. அப்படியென்றால் மிச்சம் சோக். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்தால்தான் இயந்திரம் பிடிக்கும். அதற்காக கார்பரேட்டரின் வாயில் ஒரு தகட்டு மூடி இருக்கிறது. உள்ளே இருக்கும் குமிழை இழுத்தால், ஒரு கம்பி போய் அந்த மூடியைச் சாத்த வேண்டும்.

குமிழை இழுத்தேன். மேசை லாச்சி மாதிரி லேசாக வந்தது. பொனற்றுக்குள் போய்ப் பார்த்தால் மூடி அசையவேயில்லை. கம்பி மூடியில் கொழுவியிருக்கவில்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய சின்ன ஆணி கழற்றப்பட்டு, கம்பியின் நுனியோடு சேர்த்துக் கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. ரேப்பின் முடிவு பிறகு இழுத்துக் கழற்ற வசதியாக மடித்து விடப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான். சீனிப் பைக்குக்கூட அப்படித்தான் ஒட்டுவார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சிடமாட்டார்கள். விழுந்தது நான். தூக்கியது குப்பை லொறிக்காரர். இந்த மனிதர் கம்பியைக் கழற்றிவிட்டு என்னுடன் இருந்து இட்டலி சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்த மடிப்பைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இந்த வயதில், விடியப்புறம் யாருக்கும் தெரியாமல், குளிரில் விறைத்த விரல்களால் அதைச் சுற்றியிருப்பார். வேண்டாம், விற்க மனமில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கம்பியைக் கொழுவி ஆணியை இறுக்கினேன். பொனற்றை மூடினேன். அவர் கொண்டுவந்த விளைமீனில் குழம்பு வைத்தேன். நல்ல குழம்பு என்றார்.

சனிக்கிழமை தம்பி வந்தார். பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். என் கணவர் பெரிய மனதோடு திறப்பை நீட்டினார். "நீங்களே அடிச்சுப் பாருங்கோ தம்பி. பிடிக்காட்டிப் பரவாயில்லை."

தம்பி சோக்கை இழுத்தார், திறப்பை முறுக்கினார். ட்ரக் இரண்டு தரம் இருமிவிட்டு எழும்பியது.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி காசைக் கொடுத்து வாகனக் கடதாசிகளை வாங்கிக்கொண்டு, ட்ரக்கை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து வீதிக்கு இறக்கினார். அது வளைவு தாண்டும் நேரம் இவர் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடத் தொடங்கினார். விற்பனையைக் குழப்பப்போகிறார் என்று நினைத்தேன். தெருமுனைச் சிவப்பு விளக்கில் ட்ரக்கைப் பிடித்துக் கண்ணாடியில் தட்டினார். தம்பி கண்ணாடியை இறக்கினார். விளக்கு பச்சையாகியும் இவர் பேசி முடிக்கவில்லை, பின்னால் நின்றவர்கள் கோர்ன் அடித்தார்கள்.

திரும்பி வந்தபோது செருப்பு நிறையச் சினோ.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"சோக் கம்பியை ஆரோ நல்லா இறுக்கியிருக்கினம், அதில கை வைக்கவேண்டாம் எண்டு சொன்னனான்."

பிறகு ஐஸ் கரைக்கும் உப்பு வாளியை எடுத்து, ட்ரக் நின்ற இடத்திலிருந்து வாசல் வரைக்கும் தூவத் தொடங்கினார்.