வாலைத் தூக்கிய செவலை

தொண்ணூறுகளில் பல்லடத்துக்குத் தெற்கே நாங்கள் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு செவலைக் கன்றைக் கொடுத்தார். அது மாடான பிறகும் புத்தி மட்டும் கன்றாகவே இருந்தது. காலையில் கட்டவிழ்த்தால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும்.

"உன்ற மாடு உன்னையாட்டமே, அடங்காது" என்பார் வீட்டுக்காரர்.

"அடங்குனவளாப் பாத்துக் கட்டியிருக்கலாமுல்லங்க" என்பேன்.

ஒரு மார்கழியில் செவலை கன்று போட்டது. மறுநாளே படுத்துவிட்டது, எழவில்லை. மாட்டு டாக்டர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். எங்கள் பக்கம் மாட்டுக்குச் சீக்கு வந்தால் மாலகோவிலுக்கு உருவாரம் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மாடு பிழைத்ததும், மண்ணில் ஒரு மாடு செய்து கோவிலைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் வைக்க வேண்டும். தொழுவத்திலேயே விழுந்து கும்பிட்டு நானும் வேண்டினேன். செவலை பிழைக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பொங்கலுக்கு வாசலில் கோலம்கூடப் போடவில்லை. அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரர் சைக்கிளில் வைக்கோல் சுற்றி எதையோ கொண்டுவந்து இறக்கினார். பிரித்தால், மண் மாடு!

"செத்த மாட்டுக்கு யாருங்க உருவாரம் வெப்பாங்க? நீங்களும் உங்க சாமியும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கேட்டது கெடைக்கல, செரி. ஆனா இத்தனை வருசம் நம்மூட்ல அது எத்தனை சந்தோசமா இருந்துச்சு புள்ள. அதைச் சாமிகிட்டச் சொல்ல வேண்டாமா?"

அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். வால் மேலே நின்றது, முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில். உடைந்துவிடாமலிருக்க வயிற்றுக்கடியில் ஒரு மண்திட்டு. குயவர் வீட்டு வாசலில் இந்த மனுசனே துள்ளிக் காட்டித்தான் செய்ய வைத்தாராம். அதைக் கேட்டதும், பாவி மனசு, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் கோவிலுக்குக் கொண்டுபோனோம். வெளியெங்கும் மண் மாடுகள் விறைப்பாக நின்றன. நடுவில் எங்களுடையது மட்டும் துள்ளியது. பக்கத்தில் எருமை உருவாரம் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க மாடு இப்படியா துள்ளும்? நல்லாயிருச்சுங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க, புடிக்கவே முடியறதில்லீங்க" என்றுதான் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டேன். நான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த அம்மாள் என் கையைப் பிடித்தபடி தானும் அழுதார்.