சாவியை எடுத்த பிறகும்

திரைச்சீலை தைப்பவளின் டீசல் கார் மேடு ஏறும்போது, பின்னால் வருகிற வண்டிகள் எல்லாம் ஊர்வலம் போல வரிசை கட்டிவிடும். ஹாரன் அடித்துக் கை ஓய்ந்தவர்கள் முந்திப் போகையில் உள்ளே எட்டிப் பார்த்து முறைப்பார்கள். அவள் அசரமாட்டாள். கூரைமேல் திரைக்கம்பிகள், பின்சீட்டில் துணிச் சுருள்கள், பக்கத்தில் நாத்தனார். ஏணியைப் பிடிப்பதும் வழிநெடுகக் கிண்டல் செய்வதும் நாத்தனாரின் பொறுப்பு.

"அண்ணி, அந்தப் பெரியவரு நடந்தே நம்மளைத் தாண்டிட்டாரு. கூப்பிட்டு ஏத்திக்கலாமா?"

"வேணாம். அவரு ஏதோ அவசரமாப் போறாரு."

வாங்கும்போதே கிழடு தட்டிய வண்டிதான். ஆனால் அவள் தொழில் வளர்ந்ததே அதன் முதுகில். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவருக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. "இன்னொரு தடவை மக்கர் பண்ணட்டும், கண்ணை மூடிக்கிட்டு வித்துடுவேன்" என்பார். அதனால் வண்டியைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தாள். இன்ஜின் நிற்கவில்லை. போகச் சொன்ன பிறகும் வாசலில் நின்று முணுமுணுக்கிற ஆள் போல, கொஞ்ச நேரம் தானாக ஓடிவிட்டு அடங்கியது.

"அதுக்கு இன்னும் பேச்சு முடியல போல" என்று நாத்தனார் சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் சாவி கையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்த முறை இன்னும் நீளமாக ஓடியது. பின்னால் நீலப் புகை வர ஆரம்பித்தது. ஆயில் குறைகிறது என்று நினைத்தாள். இன்ஜினில் செருகியிருக்கும் ஆயில் கம்பியை உருவி அளவு பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. புகைந்தால் ஊற்று, அவ்வளவுதான் அவள் வைத்தியம். ஊற்ற ஊற்றப் புகைதான் கூடியது. துணிகளில் ஆயில் வாடை ஏறியது. பிறகு வண்டியை நிறுத்துவதற்கே பயமாகிவிட்டது. சின்ன வேலை என்றால், "ஓடிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா."

"சொல்லல. ஆனா எனக்கு இது சரியாப் படல அண்ணி." கொஞ்ச நாளாக நாத்தனார் கிண்டலை நிறுத்தியிருந்தாள்.

மருத்துவமனை ஒன்றில் படுக்கைகளுக்கு இடையே தொங்கவிடும் திரைகளுக்கு ஆர்டர் வந்தது. நீண்ட மேடு ஏறி, கட்டடத்துக்கு அடியில் இருந்த வண்டி நிறுத்தும் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தாழ்ந்த கூரை, வரிசையாகத் தூண்கள், ஆள் நடமாட்டம் இல்லை. சாவியை எடுத்தாள்.

சத்தம் இறங்கவில்லை, ஏறியது.

ஆக்சிலேட்டரில் அவள் கால் இல்லை. ஆனாலும் இன்ஜின் ஏறிக்கொண்டே போய் அலறத் தொடங்கியது. மேட்டில் மூச்சு வாங்குகிற வண்டிக்குள் இத்தனை ஆவேசம் எங்கே இருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. வெள்ளைப் புகை தூண்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணி! கதவு! கதவைத் திறங்க அண்ணி!"

நாத்தனார் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். இருவருக்கும் அது பழகிப்போன விஷயம், இதுவரை ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

அவள் பிரேக்கை அழுத்தி, பெரிய கியரில் போட்டு, கிளட்சை விட்டாள். அப்படிச் செய்தால் எந்த இன்ஜினும் திணறி நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வண்டி சுவரைப் பார்த்து ஒரு துள்ளு துள்ளியது. தேய்ந்த கிளட்ச் வழுக்கிக் கருகல் நாற்றம் அடித்ததுதான் மிச்சம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கை பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, சுற்றி ஓடிக் கதவைத் திறந்து நாத்தனாரைத் தரதரவென்று வெளியே இழுத்தாள்.

"படிக்கட்டுப் பக்கம் ஓடு!"

"நீங்களும் வாங்க!"

வந்திருப்பாள். ஆனால் புகையும் அதே படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலே படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் இருந்தார்கள்.

பானெட்டைத் தூக்கினாள். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் எது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, தைத்து மடித்து வைத்திருந்த தடித்த திரை ஒன்றை இன்ஜினின் காற்று வாயில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். அது துணியை உள்ளே இழுத்தது. கையையும் கேட்டது. அவள் விடவில்லை. வண்டி மொத்தமும் உதறியது, இருமியது, செத்தது.

அதற்குப் பிறகுதான் விரல்களில் ரத்தம் வழிவதை அவள் பார்த்தாள்.

மறுநாள் மெக்கானிக் ஆயில் கம்பியை உருவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "டீசலே தேவைப்படலக்கா. ஆயில் அளவு மீறி உள்ள ஏறிடுச்சு, அந்தச் சொந்த ஆயிலையே குடிச்சு ஓடியிருக்கு. அத்தனை குடிச்ச பிறகும் அளவுக்கு மேல நிக்குது பாருங்க. யாரு இவ்வளவு ஊத்துனது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"நான்தான்" என்றார் பக்கத்தில் நின்ற கணவர், கிட்டத்தட்ட அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் துணியில ஆயில் வாடை வந்துச்சு. பாதி வழியில நின்னுடப் போறியேன்னு, காலையில நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன்."

"வித்துடுவேன்னு சொன்னீங்களே?"

"வாய்தான் சொல்லுச்சு. அதுக்குப் பயந்து நீ எதையும் சொல்லாம இருப்பேன்னு நான் நினைக்கலையே."

அவள் கட்டுப் போட்ட விரல்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

காரை உடைக்கிற கடையில் போட்டுவிட்டுச் சின்ன பெட்ரோல் வேன் வாங்கினார்கள். சாவியைத் திருப்பிய அதே நொடியில் அது அடங்கிவிடுகிறது. நாத்தனார் அதைச் சுற்றிவந்து பார்த்தாள், நிறம் நன்றாக இருக்கிறது என்றாள், ஏறவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள்.

"கோவமா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"உங்க மேல என்ன கோவம் அண்ணி. உட்காரணும்னுதான் பார்க்கறேன். கால் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.