பசுவின் வயிற்றில் இருந்த பை

பக்கத்து வீட்டுக்காரி விஷம் வைத்துத்தான் எங்கள் பசு செத்தது என்று திருவரங்குளம் முழுக்கச் சொல்லிவிட்டேன். மாட்டு டாக்டர் வயிற்றை அறுக்க வந்தபோது, கூடவே ஒரு காலேஜ் பெண்ணும் வந்தாள். மாடு தின்னும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆராய்ச்சியாம். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. எதைத் தொட்டாலும் முதலில் "தொடலாங்களா?" என்று கேட்பாள், செத்த மாட்டைப் பார்த்தும் கேட்டாள்.

வயிற்றிலிருந்து ஒரு வாளி கேரிபேக் வந்தது. அவள் ஒவ்வொன்றாக அலசிப் பரப்பினாள். ஒரு பையின் வாய் பச்சைச் சேலைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது. கெட்டுப்போன சோறு மாட்டுக்கு ஆகாதென்று கழுநீர்த் தொட்டியில் கொட்டாமல், பையில் கட்டி ரோட்டோரம் எறிவது நான்தான். அந்தத் துணியைக் கிழித்தெடுத்த சேலையைத்தான் அன்று உடுத்தியும் இருந்தேன்.

"கட்டுன கையை ஒடைக்கணும்" என்றார் டாக்டர்.

அந்தப் பெண் என் முந்தானையைப் பார்த்தாள். துணியை மட்டும் அவிழ்த்து என் கையில் வைத்து மூடினாள்.

"வெசம் இல்லைன்னு பக்கத்து வீட்டுல நான் சொல்லவா அப்பத்தா, நீங்க சொல்றீங்களா?"

"நானே போறேன்" என்றேன்.

யாரிடமும் தாழ்ந்து பேசாத என் வாயிலிருந்து அந்தச் சொல்லை எப்படி வாங்கினாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.