தோடிக்கு நின்ற கை

காலை ஏழேகாலுக்குச் சாவுச் செய்தி வந்தது. கம்சனா ஜெர்மனியின் ஹம் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றாள். "நோர்வே அண்ணை இரவு மோசம் போயிட்டாராம்," என்றார் அப்பா தொலைபேசியில். அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பழைய சந்தேகம்.

விஜயரத்தினம் ஒஸ்லோவில் வளர்ந்தவர். கலாதேவியைக் கட்டி ஜெர்மனிக்கு வந்த பிறகும் நோர்வே பாஸ்போர்ட்டை விடவில்லை. அதனால் அந்தப் பெயர். கிழமை நாட்களில் வாகனப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி. சனி ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்குப் போய்த் தமிழ் மாத இதழுக்கு விமர்சனம் எழுதுவார். பிரதம விருந்தினர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தூக்கி வைத்துப் பேசுவார்கள். இவர், சுருதி விலகினால் விலகியது என்றே எழுதுவார். கடைசி வரிசையில் கதவோரம் இருந்து தொடையில் தாளம் போடுவார். மேடையில் பிள்ளை பாட, தாய்மார் திரும்பித் திரும்பி அந்தக் கையைப் பார்ப்பார்கள். கை நின்றால் பிள்ளை தவறிவிட்டாள் என்று முடிவு.

கம்சனாவின் அரங்கேற்றத்தில் தோடி ராகத்துக்கு, ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலில், கை நின்றது. மேடையிலிருந்து அவளே கண்டாள். ஆனால் இதழில் நாலு பந்தி எழுதி, ஒரே புகழ்ச்சி. அதே கிழமைதான், கராஜ் வைத்திருக்கும் அப்பா அவருடைய காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"நாலு ரயருக்கு நாலு பந்தி. மோசமில்லையடி," என்றாள் சிநேகிதி சஜிதா.

அப்பாவிடம் கேட்டாள். "ரயர் மாத்தினதுக்கு அவரிட்டக் காசு வாங்கினீங்களோ?"

"உனக்கேன் அது?"

அதற்குப் பிறகு கம்சனா மேடை ஏறவில்லை. தனக்குப் பாட வருமா வராதா என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

துக்கம் விசாரிக்கப் போனபோது கலாதேவியிடம் கேட்டுவிட்டாள். "அன்ரி, என்ர தோடிக்கு அங்கிள் ஏன் தாளத்தை நிப்பாட்டினவர்?"

கலாதேவி சிரித்துவிட்டார். "தாளம் போடுறது நித்திரை வராமலிருக்க, பிள்ளை. பாட்டுப் பிடிச்சா அந்த மனுசன்ர கை அசையாது. காரில நல்ல பாட்டுப் போனா சிக்னல் போடவும் மறந்திடுவார்."

ஆறுதலுக்குச் சொல்கிறாரோ? செத்தவீட்டில் யார் பொல்லாத உண்மையைச் சொல்வார்கள்?

"உம்மட தோடிப் பதிவை நீர்தானே தரேல்லை," என்றார் கலாதேவி. "திரும்பக் கேக்க வேணுமெண்டு எத்தினை தரம் சொன்னவர்."

அது உண்மை. விமர்சனம் வந்த பிறகும் அவர் அவளிடம் கேட்டிருந்தார். பிழை பிடிக்கத்தான் என்று நினைத்து, 'ஓம் அங்கிள், அனுப்புறன்' என்று சொல்லிச் சொல்லியே அவள் கடத்தினாள்.

அவருக்கென்று தோடியை மட்டும் தனியாக வெட்டி வைத்த பதிவு இன்னும் அவளுடைய போனில் இருக்கிறது. அனுப்பப்படவில்லை.