மூலையில் ஏறி உட்கார்ந்த பெட்டி

அலுவலகத்தில் அவனை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். எதுவும் நேராக இல்லாவிட்டால் அவனுக்குக் கை அரிக்கும். வீட்டில் மனைவி அவனைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. "டப்பாவையெல்லாம் உயரம் பார்த்து அடுக்கிட்டுப் போயிடுவீங்க, அப்புறம் உப்பு எங்கேன்னு நான்தான் தேடணும்" என்பாள். அதை அவனும் ஒப்புக்கொள்வான், மறுவாரமே மறுபடி அடுக்குவான்.

அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு பழைய மென்பொருள் கருவியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். மேல்மாடியில் இருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்காக என்றைக்கோ செய்தது அது. நிரல் எழுதத் தெரியாதவர்கூடப் பெட்டிகளை இழுத்துப் போட்டுத் தன் டேஷ்போர்டை, அதாவது வேலை நிலவரம் காட்டும் திரையை, தானே அமைத்துக்கொள்ளலாம். அழைப்பில் காத்திருப்பவர்கள் ஒரு பெட்டியில், தீர்ந்த புகார்கள் இன்னொன்றில். நிறமெல்லாம் அழுது வடிந்தது. பொத்தான்கள் கண்ட இடத்தில் கிடந்தன. அதைவிடக் கொடுமை, ஒரு பெட்டி இன்னொன்றின் தலைமேல் ஏறி உட்காரும். அதைப் பார்த்ததும் ஸ்கேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதியதில் பெட்டிகள் கட்டத்துக்குள் நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது. அதற்காகத்தான் அவன் இந்த வேலைக்கே தலையாட்டினான்.

புதியதைச் செய்து முடித்ததும், பழையதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை பார்க்க மேல்மாடிக்குப் போனான். எல்லோருடைய திரையிலும் வலதுபக்கக் கீழ்மூலையில் ஒரு பெட்டி வேறொன்றின் மேல் ஏறியிருந்தது. ஒன்றில் பூனைப் படம், ஒன்றில் "தண்ணி குடி", ஒன்றில் வெறும் வெள்ளை. எதற்கு என்று கேட்டால் ஒருவர் "சும்மா" என்றார். இன்னொருவர் "அது பாட்டுக்கு அங்க இருக்கு" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்டிகள் தாமாக மூலைக்கு நகர்கின்றன போலும், நிரலில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, ஒரு பகல் முழுக்க அந்த இல்லாத கோளாறைத் தேடினான் அந்தப் புத்திசாலி.

கடைசியில் மேல்மாடி மேற்பார்வையாளர் அக்காவே அவனை உட்காரவைத்து, தன் திரையில் பெட்டியை நகர்த்திக் காட்டினார். அடியில் ஒரு பட்டியல் இருந்தது. யார் அழைப்பைச் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசிப் பெயர் சிவப்பில்.

"தலைமை அலுவலகம் போட்டது தம்பி. எடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும்" என்றார். ஜன்னலோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார். அவளுக்கு அங்கே 'நிதானம்' என்று பெயர்.

"கத்துறவங்க, அழுறவங்க போனையெல்லாம் நாங்க அவகிட்டதான் தள்ளிவிடுவோம். பேசி முடிக்க நேரமாகும்ல? தினமும் சிவப்புல அவ பேருதான். ஒருநாள் பாதிப் பேச்சுல போனை வச்சுட்டு வந்து, 'நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்கா'ன்னா. அன்னிக்குதான் எல்லாரும் மேல ஒரு பெட்டியைப் போட்டோம். உங்க புதுசு வந்துச்சுன்னா அவ போயிடுவா."

ஸ்கேல் கீழே இறங்கி வந்தான். மறைப்பதற்கு உடந்தையாக இருப்பதா? ஒருத்தியின் வேலைக்கு உலை வைப்பதா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டான்.

"மறைக்கிறது தப்புதானே?"

"தப்புதான்."

"அப்ப அந்தப் பொண்ணு போகட்டுங்கிறியா?"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

கொஞ்சநஞ்சம் இருந்த தெளிவும் போயிற்று.

மறுநாள் சேவைப் பிரிவின் மேலாளர் ஒப்புதல் தரவேண்டும். அவர் சரி என்றால் புதியது அன்றே எல்லோர் திரைக்கும் போய்விடும். அவர் அறையில் உட்கார்ந்ததும் ஸ்கேல் "சார், பெட்டி மேல பெட்டி ஏறுற விஷயம்..." என்று ஆரம்பித்தான். மேற்கொண்டு சொன்னால் மேல்மாடியைக் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் நிதானம் போய்விடுவாள். வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல என் டேஷ்போர்டைப் புதுசுல போட்டுக் காட்டுங்க" என்றார் மேலாளர் உற்சாகமாக.

போட்டான். பெட்டிகள் சமர்த்தாகப் பிரிந்து கட்டங்களில் போய் நின்றன. ஒரு பெரிய கடற்கரைப் படமும் நகர்ந்து ஓரமாகப் போயிற்று. அதன் அடியிலிருந்து ஒரு பட்டியல் வெளியே வந்தது, எல்லாக் கிளைகளின் சேவைப் பிரிவு மேலாளர்கள் பெயர்களோடு. கடைசியில் சிவப்பாக இருந்தது எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயர்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அந்தப் படத்தைப் பழையபடி எடுத்து வைங்க" என்றார் மேலாளர், குரல் இறங்கி.

"புதுசுல மேல ஏறாது சார்."

"ஏற வைங்க."

"எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான்."

தன் இடத்துக்கு வந்து, பெட்டி மேல் பெட்டி ஏறவிடாத அந்தத் தடையை நீக்கினான். நிதானம் போகமாட்டாள் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் மேலே இருப்பவர் முதல் கீழே இருப்பவர் வரை யாருக்கும் பார்க்கப் பிடிக்காத அந்தப் பட்டியலை, யார் பார்ப்பதற்காக நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை.