டெய்லரம்மா கேட்ட உறுமல்

டெய்லரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காது இருந்தது. மாடியில் தையல் மெஷினை மிதித்தபடியே, தெருவில் போவது எந்த வண்டி, அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். உயிரையே வைத்திருந்தது கீழ் ஷெட்டில் நிற்கும் பல் டாக்டரின் அறுபது வயதுக் கறுப்புக் காரின் மேல். ஞாயிறு காலையில் அது உறுமினால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

ஆறு மாதம் எங்கோ ரிப்பேருக்குப் போயிருந்த கார் திரும்பி வந்த ஞாயிறு, ஜன்னலில் எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி பூனை மாதிரி, சத்தமே இல்லாமல் ஷெட்டை விட்டு வந்துகொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடினார்.

"சார், எஞ்சின் எங்க?"

"எடுத்தாச்சும்மா. பேட்டரி வச்சுட்டேன். புகையே கிடையாது."

"பாவி மனுஷா! பல்லைப் பிடுங்குற மாதிரி அதையும் பிடுங்கிட்டீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. அந்தச் சத்தத்தை முன்னாடியே இங்க வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டேன். கேளுங்க."

டாக்டர் ஒரு பட்டனை அழுத்தினார். ஸ்பீக்கரில் பழைய எஞ்சின் உறுமியது. அதே கனம், நடுநடுவே அதே சின்ன இருமல். டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கப் பார்த்தது. அப்போது அந்த உறுமலுக்குள்ளிருந்து அவர் குரலே கத்தியது:

"சார், மூணாவது சிலிண்டர் இருமுது! பிளக்கை மாத்துங்க!"

டாக்டர் சிரித்தபடி வண்டியை நகர்த்தினார். இல்லாத எஞ்சினுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டே டெய்லரம்மாவின் குரல் தெருமுனை திரும்பிப் போனது.